கன்னி மூலையில் ஒரு மேடு

நம் வீட்டுக்குப் பின்னால், தென்மேற்கு மூலையில், நீளமாக ஒரு மேடு இருக்கிறது. அது என்ன என்று சின்னவன் போன வாரம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் முந்திக்கொண்டு, "அங்க ஒரு யானையப் பொதச்சி வச்சிருக்காங்கடா" என்று சொல்லிவிட்டாள். அவனும் நம்பி, தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வந்து காட்டிக்கொண்டிருந்தான். நான் எட்டாவது வரைதான் படித்தவன். டிராக்டர் ஓட்டுகிற கையில் பேனா சரியாக நிற்காது. இருந்தாலும் யானைக் கதை ஊர் முழுக்கப் பரவுவதற்கு முன்னால் உண்மையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மேட்டுக்கு அடியில் யானை இல்லை. நம் வீட்டுக் கக்கூஸ் தண்ணீர் அங்கேதான் போய் மண்ணுக்குள் இறங்குகிறது. மூக்கைப் பொத்த வேண்டாம். நேற்றுக்கூட அதன் மேல் உட்கார்ந்துதானே இரண்டு பேரும் நாவல்பழம் தின்றீர்கள்? நாற்றம் ஏதாவது வந்ததா? வராது. அது வராமல் இருப்பதற்காக உங்கள் அம்மா ஒரு பெரிய போரே நடத்தி ஜெயித்தாள். நான் அவள் பக்கத்தில் கடப்பாரையோடு நின்றேன்.

பெரியவளே, அப்போது நீ இரண்டாம் வகுப்பு. சின்னவன் அம்மா வயிற்றில் இருந்தான். நாம் என் அண்ணன் குடும்பத்தோடு பழைய ஓட்டு வீட்டில் இருந்தோம். அரசாங்கத் திட்டத்தில் இந்தப் புது வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன் ஓடைக்கரைக்குப் போய் வருவார்கள். அந்த வருஷம் ஓடையோரத்து நிலத்தை வாங்கியவர் முள்வேலி போட்டு மரவள்ளி நட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் நிலம். ஆனால் பெண்களுக்கு மிச்சம் இருந்தது தார்ரோட்டு ஓரம்தான். லாரி வெளிச்சம் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். போன பிறகு உட்கார வேண்டும்.

உங்கள் அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். இது எனக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொல்லித்தான் தெரிந்தது.

"ஏம்மா, வயித்துல புள்ளய வச்சிக்கினு தண்ணி குடிக்காம இருந்தா இன்னா அர்த்தம்? நீர்க்கடுப்பு இதோட ரெண்டாவது வாட்டி. இப்டியே போச்சின்னா மாசம் ஆவறதுக்கு முன்னாடியே வலி வந்துடும். புள்ள எட இல்லாம பொறக்கும்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கச்சிராயபாளையம் பஸ்ஸில் திரும்பினோம். ஏறி உட்கார்ந்ததும் உங்கள் அம்மா சொன்னாள்.

"புது வூட்ல தரை போடலன்னா பரவால்ல. செவுரு பூசலன்னா பரவால்ல. கதவுக்குப் பதிலா கோணிய தொங்க வுடுங்க, இருந்துக்கறேன். கக்கூஸ் இல்லாத வூட்டுக்கு மட்டும் நான் குடி வர மாட்டேன். புள்ளய எங்க அம்மா வூட்லயே பெத்துக்கினு அங்கயே கெடக்கறேன்."

"கட்டிடலாம் புள்ள. அது இன்னா பெரிய வேல?"

எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

நம் மனை கல்வராயன் மலை இறங்கி வந்து முடிகிற சரிவில் இருக்கிறது. மேற்கே மலை, அந்தப் பக்கம் மேடு. கிழக்கே தெரு, அந்தப் பக்கம் பள்ளம். தெருவைத் தாண்டினால் வடகிழக்கில் ஒரு கிணறு. கோடையில் குழாய் நின்றுபோனால் தெருவே அந்தக் கிணற்றில்தான் குடிக்கும். கிணற்றுக்கார அம்மா யார் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது உங்களைக் கூப்பிட்டுக் கொய்யாப்பழம் கொடுக்கிறாரே, அவர்தான். அன்றைக்கு அவர் பழம் கொடுக்கிற மனநிலையில் இல்லை.

வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி எனக்கு மாமா முறை. கக்கூஸ் என்று சொன்னதுமே அவர், "எத்தினி ஒறை எறக்கலாம்?" என்று கேட்டார். நம் பக்கத்தில் அப்படித்தான். சிமெண்ட் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குழிக்குள் இறக்குவார்கள். ஆழம் போகப் போகக் கௌரவம். பெண் கொடுக்கிற வீட்டில்கூட, "எங்களுது பதினஞ்சி ஒறைங்க" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு.

"முன்பக்கம் தெருவோரமா எறக்கிடலாம் மாப்ள. அங்க மணலு, வெட்ட சுலுவா இருக்கும். நல்லா ஆழமா போட்டுட்டன்னா ஒம் பேரன் காலத்துக்கும் ரொம்பாது."

எனக்கும் அது நன்றாகத்தான் பட்டது. மேஸ்திரி கோலமாவால் வட்டம் போட்டார். போட்டு நிமிர்வதற்குள் கிணற்றுக்கார அம்மா தெருவைத் தாண்டி வந்துவிட்டார். வந்தவர் வட்டத்துக்கு நடுவிலேயே நின்றுகொண்டார்.

"ஏம்பா, இன்னா இது?"

"கக்கூஸ் குழிங்கக்கா."

"எங் கெணத்துக்கு மேட்டுல பீக்குழியா? நீங்க பேண்டத நாங்க குடிக்கணுமா? கடப்பாரைய வச்சிப் பாரு, மொத மண்ணு என் தலமேல கொட்டிட்டு அப்பறம் தோண்டு."

"எல்லாரும்தான தோண்டி வச்சிருக்காங்க..." என்று நான் இழுத்தேன்.

"எல்லாரும் தோண்டுனா தோண்டட்டும். மேட்டுல இருக்கறவன் நீதான்."

மேஸ்திரி கோலமாவுக் கிண்ணத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார். உங்கள் அம்மா மட்டும் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "அந்தக்கா சொல்றதுல இன்னா தப்பு? அதே தண்ணியதான நாமளும் குடிக்கப் போறோம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார் பக்கம் இவள் என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு நாளில், சுவர் எந்த மட்டம் வந்திருக்கிறது என்று பார்க்க ஓவர்சியர் வந்தார். திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பெண். ஸ்கூட்டரில் வருவார். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கிணற்றுக்கார அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, நீ படிச்ச பொண்ணு. நீயே நாயம் சொல்லு. கெணத்துக்கு மேல கக்கூஸ் கட்டலாமா?"

"உங்க வூட்டு கக்கூஸ் எங்கம்மா இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"தோ, கெணத்துக்கு அந்தாண்ட. அது எங்க மாமனார் வெட்டுனது. எம் பையனுக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடி. இன்னி வரைக்கும் ஒரு வாட்டி லாரி கூப்ட்டு எடுத்ததில்ல. ரொம்பனதே இல்லன்னா பாத்துக்கோ!"

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துப் பெருமையாக நின்றார். மேடம் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சண்டை போடுகிற குரலில் இல்லாமல், சும்மா விசாரிப்பது மாதிரி கேட்டார்.

"ரொம்பலன்னா, அம்மாம் வருஷமா உள்ள போனதெல்லாம் எங்கம்மா போச்சி?"

மேஸ்திரி கிணற்றைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன். கிணற்றுக்கார அம்மாவும் மெதுவாகத் திரும்பிக் கிணற்றைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் காலையில் அவர் பஞ்சாயத்துக் குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்றதைத் தெருவே பார்த்தது. கிணறு வைத்திருப்பவர் குழாயடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மேடம் எங்களுக்குச் சொன்னது இதுதான். ஆழமாக வெட்டிய குழி ரொம்பாமல் இருப்பது நல்லது அல்ல. கீழே இருக்கிற ஊற்றோடு போய்ச் சேருகிறது என்று அர்த்தம். கெட்டியான தொட்டி ஒன்று கட்ட வேண்டும். கசடு அதில் தங்கும். மேலே தெளிகிற தண்ணீரை மட்டும் ஆழமில்லாத மண்ணுக்குள் விட வேண்டும். மேல்மண் அதை மெதுவாகக் குடித்து, வடிகட்டி அனுப்பும். அதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வீட்டிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியே போகும்? நம் மண் எவ்வளவு குடிக்கும்?

"ஒரு நாளைக்கு எத்தினி கொடம் செலவாவுது?" என்று கேட்டார்.

உங்கள் அம்மா விரல் விட்டுச் சொன்னாள். சமையலுக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, குளிக்க இவ்வளவு. நான் நடுவில் புகுந்து, "நான் பம்புசெட்ல குளிக்கறவங்க மேடம், என்னைக் கணக்குல சேக்காதீங்க" என்றேன்.

"அவர எந்தக் கணக்குலயும் சேக்காதீங்க மேடம். குளிக்கறதே எப்பவாவதுதான்" என்றாள் உங்கள் அம்மா.

மேடம் சிரித்துவிட்டார். "இடுப்புல தூக்கினு வர்ற வரைக்கும்தாங்க இந்தக் கணக்கு. நாளைக்கு வூட்டுக்குள்ள கொழா வந்துடும். தொறந்தா கொட்டும். அப்ப இவரு பம்புசெட்டுக்கா போவாரு? இதப்போல ரெண்டு மடங்குன்னு வச்சிக்குங்க. வயித்துல இருக்கறவரையும் சேத்துக்குங்க."

"ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப எங்க சனம் மொத்தமும் வந்துடுமே மேடம்?"

"ஒரு நாளைக்காகக் கோயில் கொளம் மாதிரி கட்ட முடியாது. ஆனா அன்னிக்கும் பொங்கி மேல வராத மாதிரி தொட்டியில எடம் வுடலாம்."

பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் வாழைக்குப் போகட்டும், அதைத் தொட்டியில் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். அங்கே பாதிச் சுமை குறைந்தது.

அடுத்தது மண். மனையில் அங்கங்கே முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்து, முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற வைக்கச் சொன்னார். காய்ந்த மண் முதலில் எதையும் குடித்துவிடும், அதை நம்பக் கூடாதாம். நன்றாக ஊறிய பிறகு மறுபடி தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு குச்சி நட்டு, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். "சரியான எடம் ஒண்ணுகூட கெடைக்கலன்னா?" என்று கேட்டேன். "அப்ப இந்த மனையில இப்போதைக்குக் கட்டச் சொல்ல எனக்கு மனசு வராதுங்க. கெணறு பக்கத்துல இருக்குது" என்று நேராகச் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் அம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் மூன்று இடத்தில் தோண்டினோம். மேஸ்திரி பீடி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "மண்ணுக்கு ஜாதகம் பாக்கறாங்கடோய்" என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார்.

முதல் குழி முன்பக்கம், மேஸ்திரி வட்டம் போட்ட இடம். தண்ணீர் ஊற்றினால் ஊற்றின வேகத்தில் காணாமல் போனது. எனக்கு ஒரே குஷி. "பாத்தியா, எம்மாம் ஊத்துனாலும் குடிக்குது!" என்று கத்தினேன். மேடத்துக்குப் போன் போட்டேன். "அம்மாம் வேகமா குடிச்சா அது மண்ணு இல்லிங்க, சல்லடை. வடிகட்டாம நேரா கெணத்துக்குப் போயிடும். அந்த எடம் வேணாம்" என்றார். பழைய ஓடை மணல் அது. உங்கள் அம்மா ஒரு பிடி எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். கையை விரித்ததும் கொட்டிப்போனது. "வறுத்த ரவ மாதிரி இருக்குது. இதுல எங்க புடி நிக்கும்?" என்றாள்.

இரண்டாவது குழி வடமேற்கு. வாயு மூலை, கக்கூஸுக்கு ஆகி வந்த மூலை என்று மேஸ்திரி காட்டிய இடம். கடப்பாரை இரண்டு போடு போட்டதும் ணங் என்றது. கொஞ்சம் தள்ளிப் போட்டேன். மறுபடியும் ணங். மலை அங்கே மண்ணுக்கு அடியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. என் உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

மூன்றாவது, வீட்டுக்கு நேர் பின்னால். தோண்டுவதற்கு மெத்தென்று இருந்தது. மண் வழுவழுவென்று, கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம். ஊற வைத்து, மறுநாள் நிரப்பிக் குச்சி நட்டோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம், தண்ணீர் அப்படியே நின்றது. டிராக்டரில் ஒரு நடை போய்விட்டு வந்தேன், அப்படியே நின்றது. ஒரு தவளை வந்து குடியேறியிருந்தது. உங்கள் அம்மா அந்த மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். விரல் பருமனில் நீளமாக வந்தது. அதை வளைத்துச் சுற்றினாள், ஒரு இடத்திலும் விரிசல் விடவில்லை.

"முறுக்கு மாவுங்க. அச்சுல போட்டா கம்பி அறாம வரும். இது தண்ணியக் குடிக்காது."

அவள் அந்த மண் முறுக்கைக் குழி ஓரத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று இடமும் போயிற்று. ஒன்று ரொம்பக் குடிக்கிறது, ஒன்று பாறை, ஒன்று குடிக்கவே மாட்டேன் என்கிறது. வீட்டுச் சுவர்கள் நான்கும் ஆள் இல்லாமல் நின்றன.

"அந்த மூல பாக்கலியே" என்றாள்.

தென்மேற்கைக் காட்டினாள். எனக்குத் திக்கென்றது. அது கன்னி மூலை. நம் பக்கத்தில் வீடு கட்டுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், கன்னி மூலை உயரமாக இருக்க வேண்டும், பாரமாக இருக்க வேண்டும், அங்கே பள்ளம் விழக் கூடாது. விழுந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது. அதனால்தான் அந்தப் பக்கம் யாரும் கடப்பாரையைக் கொண்டு போகவில்லை.

மேஸ்திரி பீடியைக் கீழே போட்டார். "யம்மா, அங்கியா? புருசன் மேல ஆச இருக்கா இல்லியா?"

"இருக்குது மாமா. புள்ள மேலயும் இருக்குது" என்றாள் உங்கள் அம்மா. என்னைப் பார்த்தாள். "நீங்க தோண்டறீங்களா, நான் தோண்டட்டா?"

கடப்பாரையில் கை வைத்துவிட்டாள். ஏழு மாச வயிறு. நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். முதல் போடு போடும்போது குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போட்டேன். ணங் என்று கேட்கவில்லை. வழுக்கவும் இல்லை. பொதுக்கென்று இறங்கியது. சிவப்பு மண், நடுநடுவே சின்னச் சரளை. உங்கள் அம்மா ஒரு பிடி எடுத்து, துளி தண்ணீர் தெளித்து, கையை இறுக்கினாள். உருண்டையாக நின்றது. கட்டைவிரலால் லேசாகத் தட்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"புட்டு மாவு!" என்று கத்தினாள். "புடிச்சா நிக்குது, உதுத்தா உதுருது! இதாங்க, இதாங்க நம்ம எடம்!"

மறுநாள் மேடமே வந்துவிட்டார். ஊறிய குழியை நிரப்பி, குச்சியில் ஒரு நூலைக் கட்டி, செல்போனில் நேரம் பார்த்தார். நாங்கள் குழியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். மேஸ்திரியும் பீடியைக் காதில் செருகிக்கொண்டு குந்தினார். பெரியவளே, நீயும் பள்ளிக்கூடப் பையோடு வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டு, "இன்னாப்பா மீன் புடிக்கறீங்க?" என்று கேட்டாய்.

தண்ணீர் இறங்கியது. ஓடை மணல் மாதிரி காணாமல் போகவில்லை. வயதானவர் சூடான காபி குடிப்பது மாதிரி, நிதானமாக, நிறுத்தாமல் இறங்கியது. மேடம் மறுபடி நிரப்பினார். மறுபடியும் அதே நிதானம். மூன்றாவது தடவையும் நிரப்பினார். அதே அளவு இறங்கியதும் முகம் மலர்ந்து எழுந்தார்.

"இதுதாங்க. இவங்க சொன்னது சரிதான். புட்டு மாவுன்னு எங்களுக்குச் சொல்லித் தரல, வேற பேரு சொல்லித் தந்தாங்க. விஷயம் இதான்."

பிறகு, "ஒண்ணே ஒண்ணு பாக்கணும். அடமழ காலத்துல அடித்தண்ணி எம்மாம் ஒசரம் வரும்? வாய்க்கால் அதுக்கு நல்ல மேல இருக்கணும். அது அந்தக் கெணத்துலதான் தெரியும்" என்றார்.

எல்லோரும் தெருப் பக்கம் பார்த்தோம். அன்றைக்கு உள்ளே போனதிலிருந்து அந்த அம்மா எங்களோடு பேசவில்லை. யார் போய்க் கேட்பது? உங்கள் அம்மாதான் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, கார்த்திகையில ஒங்க கெணறு எது வரைக்கும் ஏறும்?"

அந்த அம்மா குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எதுக்குடி கேக்கற? எங் கெணறு நாறிப்போச்சின்னு ஊரெல்லாம் சொல்றதுக்கா?"

"இல்லக்கா. இனிமே நாறக் கூடாதுன்னு கேக்கறேன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. உங்கள் அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்து, கிணற்றுக்குள் கையை நீட்டிக் காட்டினார். "தோ, அந்த ஒடஞ்ச படிக்கட்டு வரைக்கும். எவ்ளோ மழ பேஞ்சாலும் அதத் தாண்டி நான் பாத்ததில்ல. வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து பாக்கறேன்."

இப்போது மேஸ்திரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபை எடுத்து வந்தார். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து உயரம் பார்ப்பார்கள். உடைந்த படிக்கட்டிலிருந்து தொடங்கி, தெருவில் ஒரு குறி, சுவரில் ஒரு குறி என்று ஏற்றிக்கொண்டே கன்னி மூலை வரைக்கும் கொண்டுவந்தார். கிணற்றுக்கார அம்மா கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டாதய்யா, தண்ணி ஆடுது" என்று அவரை அதட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் பார்த்தால், எங்கள் புட்டு மாவு மண், மழைக்காலத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. அதே மூலையில் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துப் பார்த்தோம். பாறையும் இல்லை, ஈரமும் இல்லை.

"இனிமே இன்னா? ஆரம்பிச்சிட வேண்டிதான்" என்றார் மேடம்.

மேஸ்திரி டியூபைச் சுருட்டி வைத்தார். தலையைச் சொறிந்தார். "மேடம், எல்லாம் சரி. மண்ணும் சரி, மட்டமும் சரி. ஆனா கன்னி மூலைல பள்ளம் வெட்ட எனக்குக் கை வராது. சோதன பாக்கறதுக்கு வெட்டுன குழிய நானே மூடிடறேன். நாளைக்கி இவனுக்கு ஒண்ணுன்னா எங்கக்கா என்னத்தான் கேக்கும்."

எங்கக்கா என்று அவர் சொன்னது என் அம்மாவை. இவ்வளவு தூரம் வந்து, நம்பிக்கை என்கிற பாறையில் கடப்பாரை முட்டிக்கொண்டது. மேடமும் என்ன செய்வார்? "உங்க இஷ்டங்க" என்பது போல் நின்றார்.

உங்கள் அம்மா மேடத்திடம் கேட்டாள். "எம்மாம் ஆழம் வேணும் மேடம்?"

"இடுப்பளவு கூட வேணாம். நீளமா ஒரு வாய்க்கால். ஜல்லி கொட்டி, ஓட்டை போட்ட பைப்பு போட்டு, மேல கோணி விரிச்சி மண்ணப் போட்டு மூடிடணும்."

"மூடுன பெறவு மேல எம்மாம் மண்ணு வேணாலும் போடலாமா?"

"மழத்தண்ணி மேல நிக்காம வழிஞ்சி ஓடற மாதிரி கொஞ்சம் மேடாதான் போடணும்."

உங்கள் அம்மா மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "மாமா, கன்னி மூலைல பள்ளம்தான ஆவாது? மேடு ஆவுமா ஆவாதா?"

"மேடு... மேடு நல்லதுதான்."

"இப்ப இருக்கறதவிட ஒசரமா, ஜல்லியும் மண்ணும் போட்டு பாரமா ஒரு மேடு வரப் போவுது. இதுல பள்ளம் எங்க கீது?"

மேஸ்திரி மூலையைப் பார்த்தார். காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்ற வைத்தார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இந்தப் பொண்ண வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்டா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கிணற்றுக்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு மாலையே கோலமாவு மறுபடி வெளியே வந்தது. இந்தத் தடவை வட்டம் இல்லை, நீளமாக ஒரு கோடு.

தொட்டி வீட்டுக்கு நேர் பின்னால், அந்த முறுக்கு மாவு மண்ணில் உட்கார்ந்தது. கசிவே இல்லாமல் உள்ளேயும் வெளியேயும் பூசினார் மேஸ்திரி. எந்த வேலையிலும் அவ்வளவு அக்கறையாக அவர் பூசி நான் பார்த்ததில்லை. தொட்டியிலிருந்து கன்னி மூலை வாய்க்காலுக்குத் தண்ணீர் தானாகப் போகிற மாதிரி பைப்பை இறக்கினோம். ஜல்லியை நானே டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினேன். மேலே மண்ணை ஏற்றி மேடாக்கிய பிறகு மேஸ்திரி அதன் மேல் ஏறி நின்று, கையை இடுப்பில் வைத்து, "மல மாதிரி கீது மாப்ள. ஒனக்கு ஆயுசு நூறு" என்றார்.

வீட்டில் தரை போடவில்லை. சுவர் பூசவில்லை. கதவுக்குக் கோணிதான் தொங்கியது. கக்கூஸுக்கு மட்டும் தகரக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். பால் பொங்கியதும் உங்கள் அம்மா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். எல்லோர் முன்னாலும், மடக் மடக்கென்று. பிறகு பின்பக்கம் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வெகு நேரமாகியும் வெளியே வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. கதவைத் தட்டினேன்.

"இன்னா ஆச்சி? வலி எடுக்குதா?"

"ஒண்ணும் இல்லிங்க. சும்மா ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்று உள்ளேயிருந்து சிரிப்போடு குரல் வந்தது. "லாரி வருதுன்னு எழுந்துக்க வேணாமே. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்துட்டு வரேன்."

நான் அந்த மேட்டு மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். மேற்கே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்தேன்.

சின்னவனே, நீ மாதம் நிறைந்துதான் பிறந்தாய். எடை போட்ட நர்ஸம்மா, அதே நர்ஸம்மாதான், உன்னைத் தூக்கிக் காட்டி, "நல்லா பூசணிக்கா மாதிரி பெத்து வச்சிருக்க" என்றார். என்னைப் பார்த்தும் சிரித்தார்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிகிற வரைக்கும் விடவில்லை. தெருவில் ஆழமான குழிகள் இருந்த வீடுகளிலெல்லாம் கீழேயிருந்து தண்ணீர் ஏறி, கக்கூஸ் குடகுடவென்று சத்தம் போட்டது. சிலர் வீட்டில் மேலேயே வந்துவிட்டது. நம் வீட்டில் ஒரு சொட்டு திரும்பி வரவில்லை. ஓவர்சியர் மேடம் நனைந்துகொண்டே வந்து மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு இன்னொரு ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தும் காட்டினார். உங்கள் அம்மா அவர்களுக்குக் கைக்குழந்தையோடு நின்று, முறுக்கு மாவு, ரவை, புட்டு மாவு என்று விளக்கினாள்.

மழை விட்டுத் தை பிறந்த ஒரு காலையில் வாசலில் சத்தம் கேட்டது. கிணற்றுக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். முந்தானையில் மூன்று முடிச்சு, மூன்றிலும் மண்.

"இந்தாடி, இத உருட்டிப் பாரு. இது கெழக்கால எடுத்தது, இது மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால, இது தென்னமரத்தாண்ட. எந்த மண்ணு குடிக்கும், சொல்லு. எங்க மாமனாரு குழிய மூடப் போறேன்."

உங்கள் அம்மா சின்னவனை என் கையில் திணித்தாள். முதல் முடிச்சை அவிழ்த்து, தண்ணீர் தெளித்து உருட்டினாள். "ஆவாதுக்கா." இரண்டாவதை உருட்டினாள். "இதுவும் ஆவாது." மூன்றாவதைப் பிடித்துத் தட்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் கறாராகச் சொன்னாள்.

"மண்ணு மட்டும் பத்தாதுக்கா. கெணத்துக்கு எட்டவும் இருக்கணும். ஊறப் போட்டு, தண்ணி எறங்கறதப் பாத்துட்டுதான் சொல்லுவேன். கடப்பாரைய எடுங்க, தென்னமரத்தாண்ட போலாம்."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனார்கள்.